பலிபீடம் இடம் மாறிய வரலாறு

தமிழ்த் திருச்சபைகளில் அடிக்கடி காதில் விழும் சொற்றொடர்களில் ஒன்று 'ஆவிக்குரிய பலி'. அதற்கு என்ன பொருள் என்று கேட்டால், ஞாயிறு பள்ளியிலிருந்து இறையியல் கல்லூரி வரை ஏறத்தாழ ஒரே விடைதான் கிடைக்கும். முற்காலத்தில் ஆட்டையும் மாட்டையும் அடித்துப் பலியிட்டார்கள். கிறிஸ்து சிலுவையில் தம்மையே ஒரே பலியாகக் கொடுத்தபின் அந்த ஏற்பாடு முடிந்துபோயிற்று. இனி விசுவாசி செலுத்த வேண்டியவை துதி, ஜெபம், உள்ளத்தின் அர்ப்பணம் ஆகியவையே என்பார்கள். அதாவது பலி வெளியிலிருந்து உள்ளே போய்விட்டது, பொருளாக இருந்தது எண்ணமாகிவிட்டது என்பது இதன் உட்கருத்து. இந்த விளக்கம் பாதிதான் சரி என்பது என் வாதம். தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் விட்டுச்சென்ற எழுத்துகளைப் பொறுமையாகப் படித்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. அவர்களிடமும் பலி அப்பமாகவும் பணமாகவும் உடலாகவுமே இருந்தது. மாறியது, அது போய்ச் சேரும் இடம். எருசலேமின் பீடத்துக்குப் போனது, விதவையின் வீட்டுக்கும் சிறைக்கூடத்துக்கும் போகத் தொடங்கியது. இந்த இடமாற்றத்தை மறந்ததால்தான் நம் ஆராதனை ஒரு பக்கமும் நம் கணக்குப் புத்தகம் ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடக்கின்றன என்று நினைக்கிறேன்.

முதலில் பழைய பலிமுறையையே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அதை வெறும் இரத்தச் சடங்கு என்று ஒதுக்குவோர் லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்களைப் படித்திருக்க மாட்டார்கள். சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரண பலி, குற்றநிவாரண பலி என்று அங்கே ஐந்து வகை உண்டு. ஐந்தில் ஒன்றில் உயிர்க்கொலையே கிடையாது. மாவும் எண்ணெயும் சாம்பிராணியும்தான். பாவநிவாரணத்துக்குக்கூட ஆட்டுக்கு வழியில்லாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவன் ஓர் எப்பா மாவில் பத்தில் ஒரு பங்கை மட்டும் கொண்டுவந்தால் போதும். ஏழைக்கு இடம் வைத்துத்தான் சட்டமே எழுதப்பட்டிருக்கிறது. இயேசு பிறந்தபின் மரியாள் ஆலயத்துக்குக் கொண்டுபோனதும் இந்த ஏழைகளின் காணிக்கையான பறவைகளையே. சமாதானபலி இன்னும் சுவையானது. அதில் கொழுப்பு பீடத்துக்கு, ஒரு பங்கு ஆசாரியனுக்கு, மீதி இறைச்சி முழுவதும் கொண்டுவந்தவனுக்கு. நன்றிக்காகச் செலுத்துகிற பலியானால், அந்த இறைச்சியை அன்றைக்கே உண்டு முடிக்க வேண்டும். மறுநாள் காலைக்கு மீதி வைக்கக் கூடாது. ஓர் ஆட்டையோ காளையையோ ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாது. ஊரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். உபாகமம் பண்டிகைக்கால மகிழ்ச்சியைப் பேசுமிடத்தில் வேலைக்காரர், லேவியர், அந்நியர், அனாதைகள், விதவைகள் எல்லாரையும் பெயர் சொல்லியே பந்தியில் சேர்க்கிறது. ஆக, பலி தொடக்கத்திலிருந்தே பகிர்ந்துண்ணும் விருந்தாகவும் இருந்தது.

அப்படியானால் தீர்க்கதரிசிகள் பலியை ஏன் அவ்வளவு கடுமையாகத் தாக்கினார்கள்? கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் ஆமோஸ், ஓசியா, ஏசாயா, மீகா ஆகிய நால்வரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்: உங்கள் பண்டிகைகள் எனக்கு வெறுப்பு, உங்கள் காளைகளின் இரத்தம் எனக்கு வேண்டாம் என்று கடவுள் சொல்வதாக. இதை எடுத்துக்கொண்டு, தீர்க்கதரிசிகள் சடங்கைத் தள்ளி உள்ளத்தைப் பிடித்தவர்கள் என்று 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர் பலர் எழுதினார்கள். நம் பிரசங்க மேடைகளும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டன. ஆனால் ஆமோஸ் எதைச் சுட்டிக்காட்டுகிறார் என்று பாருங்கள். இரண்டாம் அதிகாரத்தில், ஏழைகளிடம் அடகாக வாங்கிய மேலாடைகளை விரித்துக்கொண்டு அவர்கள் பீடங்களின் அருகே படுத்துக்கிடக்கிறார்கள், அபராதமாகப் பிடுங்கிய திராட்சரசத்தைத் தங்கள் தெய்வத்தின் வீட்டிலேயே குடிக்கிறார்கள் என்கிறார். ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது யாத்திராகமச் சட்டம். இரவில் அவன் போர்த்திக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கும். அந்த ஆடைதான் பீடத்தின் பக்கத்தில் விரிப்பாகக் கிடக்கிறது. ஆமோசின் கோபம் பலிப்பொருளின் மேல் இல்லை. யாரிடமிருந்து பறித்து அது வந்தது என்பதன் மேல். 51-ஆம் சங்கீதம் நொறுங்குண்ட உள்ளமே கடவுளுக்கு ஏற்றது என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் எருசலேமின் மதில்கள் கட்டப்படட்டும், பீடத்தில் காளைகளும் ஏறட்டும் என்று முடிகிறது. உள்ளத்தையும் பொருளையும் எதிரெதிராக நிறுத்தும் பழக்கம் அந்தக் கவிஞருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஆலயம் நின்றுகொண்டிருந்த காலத்திலேயே இடமாற்றம் தொடங்கிவிட்டது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட சீராக்கின் ஞானநூல், தர்மம் செய்கிறவன் நன்றிப்பலி செலுத்துகிறான் என்ற கருத்தைத் தெளிவாகவே வைக்கிறது. தோபித்தின் நூலும் பிச்சையிடுதலைக் கடவுள் முன் வைக்கும் நல்ல காணிக்கையாகக் காண்கிறது. கத்தோலிக்கரின் விவிலியத்தில் இவ்விரண்டும் உண்டு. சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் இல்லை. பின்னவர்கள் 'ஆவிக்குரிய பலி'யை வெறும் உள்ளத்து விஷயமாக எடுத்துக்கொண்டதற்கு இந்த இழப்பும் ஒரு காரணமோ என்று எனக்கு ஐயம் உண்டு. சாக்கடல் ஓரத்தில் கும்ரானில் வாழ்ந்த குழுவினர் எருசலேம் ஆசாரியர்களோடு முரண்பட்டு விலகியவர்கள். தங்கள் சமூகமே ஆலயம், உதடுகளின் துதியும் நேர்மையான நடத்தையும் பலி என்று தங்கள் ஒழுங்குநூலில் எழுதிக்கொண்டார்கள். கி.பி. 70-இல் தீத்துவின் படைகள் ஆலயத்தை எரித்தபின் இந்தக் கேள்வி எல்லா யூதர்களையும் எதிர்கொண்டது. காலையும் மாலையும் ஓர் ஆட்டுக்குட்டி என்று நாள் தவறாமல் நடந்துவந்த பலி நின்றுபோயிற்று. யோகனான் பென் சக்காய் பற்றி ரபீக்களின் மரபில் ஒரு நிகழ்ச்சி வழங்குகிறது. பாவம் போக்கும் இடம் பாழாகிவிட்டதே என்று சீடர் யோசுவா புலம்ப, அதற்கு ஈடான இன்னொரு நிவாரணம் நம்மிடம் இருக்கிறது, அது இரக்கச் செயல் என்று குரு ஓசியாவைச் சுட்டி ஆறுதல் சொன்னாராம். அதே ஓசியா வசனத்தைத்தான் இயேசுவும் மத்தேயு நற்செய்தியில் இரண்டு முறை எடுத்தாள்கிறார். கிறிஸ்தவமும் ரபீக்களின் யூதமும் ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள் என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது.

இனி பவுலுக்கு வருவோம். ரோமர் நிருபத்தின் 12-ஆம் அதிகாரத் தொடக்கத்தில் அவர் விசுவாசிகளிடம் கேட்பது உடல்களை. ஆன்மாவை, மனத்தை, எண்ணத்தை என்று எழுத அவருக்கு மொழி தெரியாமல் இல்லை. உடலை உயிருள்ள பலியாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, அதே அதிகாரத்தில் எங்கே போகிறார்? பகிர்ந்து கொடுப்பது, வறுமையுற்ற பரிசுத்தவான்களுக்கு உதவுவது, அந்நியரை வீட்டில் ஏற்று உபசரிப்பது, பசித்த பகைவனுக்குச் சோறு போடுவது. பலி என்றால் என்ன என்ற கேள்விக்கு அந்த அதிகாரம் முழுவதுமே விடை. பிலிப்பியர் நிருபத்தின் கடைசிப் பகுதி இன்னும் துலக்கமானது. பவுல் சிறையில் இருக்கிறார். மக்கெதோனியாவிலிருந்த அந்தச் சிறிய சபை பணம் திரட்டி, எப்பாப்பிரோதீத்து என்பவரிடம் கொடுத்தனுப்புகிறது. அவர் அந்த வேலையில் நோயுற்றுச் சாவின் விளிம்பு வரை போய் மீள்கிறார். பணம் கைக்கு வந்ததும் பவுல் எழுதுகிற வரிகள் முதலில் ஒரு வியாபாரியின் பற்றுச்சீட்டைப் போல இருக்கின்றன: கொடுக்கல் வாங்கல், உங்கள் கணக்கில் பலன், எல்லாம் பெற்றுக்கொண்டேன், நிறைவாக இருக்கிறேன். அடுத்த நொடியே நடை மாறி ஆலயத்துக்குள் நுழைகிறது. அந்தப் பணம் நறுமணம் வீசும் காணிக்கையாம், கடவுளுக்கு உகந்த பலியாம். சிறைக்கைதி ஒருவனின் உணவுக்கும் உடைக்குமான செலவுத்தொகை அது. ரோமர் ஆட்சியில் கைதிக்கு வேண்டியதை வெளியிலிருப்போர்தான் பெரும்பாலும் கொண்டுவர வேண்டும். அந்தத் தொகைக்குத்தான் பவுல் பலியின் மொழியைச் செலவிடுகிறார்.

எபிரெயர் நிருபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பலிகள் முடிந்துபோயின என்று புதிய ஏற்பாட்டில் யாரும் இவ்வளவு திட்டவட்டமாக வாதாடவில்லை. பத்து அதிகாரம் வரை, கிறிஸ்துவின் பலி ஒரே தரம், ஒரே முறை, திரும்பச் செய்ய முடியாதது என்று அடித்துச் சொல்கிறார் ஆசிரியர். அதே ஆசிரியர் கடைசி அதிகாரத்தில் பலி என்ற சொல்லை மறுபடி கையில் எடுக்கிறார். ஸ்தோத்திரபலி என்று நாம் பாடிப் பழகிய கருத்து அங்கிருந்து வந்ததுதான். ஆனால் நாம் அந்த வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அடுத்த வசனமே, நன்மை செய்யவும் உள்ளதைப் பகிரவும் மறக்காதீர்கள், இப்படிப்பட்ட பலிகள்மேல்தான் கடவுளுக்கு விருப்பம் என்று தொடர்கிறது. உதடும் கையும் அங்கே ஒரே வாக்கியத் தொடர்ச்சி. அதற்குச் சற்று முன்னே, அந்நியரை உபசரிப்பதும் சிறையில் இருப்போரை அவர்களோடு கட்டுண்டவர்களைப்போல நினைத்துக்கொள்வதும் வலியுறுத்தப்படுகின்றன. பேதுருவின் முதல் நிருபம் விசுவாசிகளை உயிருள்ள கற்களாகக் கட்டப்படும் வீடாகவும் ஆசாரியக் கூட்டமாகவும் வர்ணித்து, அவர்கள் ஆவிக்குரிய பலிகளைச் செலுத்துவதாகச் சொல்கிறது. அந்த நிருபத்தின் வாசகர்கள் சின்ன ஆசியாவில் அந்நியராக, அவதூறுக்கு ஆளானவர்களாக வாழ்ந்தவர்கள். அவர்களுள் அடிமைகளும் உண்டு. அவர்களைப் பார்த்து ஆசாரியர் என்பது சிறிய பேச்சல்ல.

இவையெல்லாம் நிருபங்களின் அலங்காரப் பேச்சு, நடைமுறையில் அப்படி இருந்ததா என்று கேட்கலாம். சுமார் 155-இல் ரோமில் யுஸ்தீன் என்னும் கிறிஸ்தவ ஆசிரியர் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பநூலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை வரிசையாக விவரித்திருக்கிறார். நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் இருப்போர் ஓரிடத்தில் கூடுகிறார்கள். அப்போஸ்தலர்களின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் நூல்களோ நேரம் இடம் கொடுக்கும்வரை வாசிக்கப்படுகின்றன. தலைமை தாங்குபவர் அறிவுரை சொல்கிறார். எல்லாரும் எழுந்து ஜெபிக்கிறார்கள். அப்பமும், தண்ணீர் கலந்த திராட்சரசமும் கொண்டுவரப்படுகின்றன, அவற்றின்மேல் நன்றி கூறப்படுகிறது, பங்கிடப்படுகிறது, வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் வீட்டுக்கே எடுத்துப்போகிறார்கள். பின்பு வசதியுள்ளோர் தாமாக விரும்பியதைக் கொடுக்க, அது தலைமை தாங்குபவரிடம் சேர்க்கப்படுகிறது. அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டவர்கள், வழிப்போக்கரான அந்நியர் ஆகியோரை அவர் அதைக்கொண்டு பராமரிக்கிறார். யுஸ்தீன் தம் இன்னொரு நூலில், யூதரான திரிபோவுடன் நடத்தும் உரையாடலில், ஜெபமும் நன்றியறிதலுமே கடவுளுக்கு ஏற்ற பலிகள் என்கிறார். உள்ளத்துப் பலி என்பதற்கு மேற்கோளாக அந்த இடத்தை எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அவர் சொன்ன நன்றியறிதல் இப்போது நாம் பார்த்த அந்தக் கூட்டத்தில், அப்பத்தின்மேல், பணப்பெட்டிக்குப் பக்கத்தில் நடந்தது. தேவர்களுக்குப் பலியிட மறுத்ததற்காகச் சுமார் 165-இல் ரோமில் தலை வெட்டுண்ட மனிதர் அவர். பலி எது, பலி அல்லாதது எது என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்திருக்க வாய்ப்பில்லை.

பலி உடலால் செய்யும் காரியம் என்பது ரோம அரசுக்கும் தெரிந்திருந்தது. 250-இல் தேசியு பேரரசர் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டபோது, செய்தவர்களுக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது. எகிப்து மணலில் அவற்றில் நாற்பதுக்கு மேற்பட்டவை பப்பிரசுத் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. அதிகாரிகளின் கண்முன்னே பலியிட்டேன், திராட்சரசம் வார்த்தேன், படைத்ததைச் சுவைத்தேன் என்ற பொருளில் அவை ஒரே அச்சில் எழுதப்பட்டிருக்கின்றன. மனத்தில் என்ன நினைத்தாய் என்று அரசு கேட்கவில்லை. கை, வாய், வயிறு ஆகிய மூன்றுக்கும்தான் சாட்சி கேட்டது. அதை மறுத்த கூட்டம் அதே காலத்தில் ரோமில் என்ன செய்துகொண்டிருந்தது? ஆயர் கொர்னேலியு அந்தியோக்கியா ஆயருக்கு எழுதிய கடிதத்தில், விதவைகளும் வறியோருமாக 1,500-க்கு மேற்பட்டோரைத் தம் சபை பராமரிப்பதாகக் குறிப்பிடுகிறார். யூசேபியுவின் திருச்சபை வரலாறு அதைப் பாதுகாத்திருக்கிறது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சிமிர்னா ஆயர் பொலிக்கார்ப்பு, விதவைகளைக் கடவுளின் பலிபீடம் என்றே எழுதிவிட்டார். கார்த்தேஜின் சிப்ரியான், வசதி படைத்த பெண் ஒருத்தி வெறுங்கையோடு வந்து, ஏழை கொண்டுவந்து வைத்த பலியிலிருந்து தன் பங்கை வாங்கிப்போவதைக் கண்டிக்கிறார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கிறிசோஸ்தோம், ஏழை என்னும் பீடம் சந்துகளிலும் கடைத்தெருக்களிலும் எங்கும் கிடக்கிறது, எந்த நேரமும் அதில் பலி செலுத்தலாம், கோயிலின் பீடத்தைவிட அது அச்சத்துக்குரியது என்று பிரசங்கித்தார். பீடம் எங்கே போயிற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இனி மறுப்புகள். முதலாவது, இது கிரேக்கத் தத்துவத்திலிருந்து வாங்கிய சரக்கு என்பது. கடவுளுக்குப் புகையும் கொழுப்பும் தேவையில்லை என்று தத்துவவாதிகள் சொல்லிவந்தது உண்மை. அலெக்சாந்திரியா யூதரான பிலோ தூய்மையான மனத்தையே சிறந்த பலியாகக் கண்டார். கிறிஸ்தவர்களை எதிர்த்து எழுதிய பொர்பிரி, உன்னதக் கடவுளுக்குப் பொருள் எதையும் படைக்கக் கூடாது, வாய்ச்சொல்லும்கூடத் தகாது, மௌனமும் தூய சிந்தனையுமே படையல் என்றார். வாதம் எங்கே பிரிகிறது என்று கவனியுங்கள். பொர்பிரியின் ஏணி உடலிலிருந்து மேலே மேலே ஏறி, கடைசியில் ஞானி ஒருவனின் தனிமையில் முடிகிறது. பவுலின் பாதை உடலில் தொடங்கி இன்னொருவனின் உடலில் முடிகிறது. சொற்கள் ஒத்திருக்கலாம், சொல்லப்போனால் பவுல் அந்தக் காலத்துத் தத்துவச் சொற்களைத் தயங்காமல் கையாண்டவர்தான். ஆனால் அடிமையும் கைம்பெண்ணும் செய்ய முடிந்த ஒரு பலியை, ஓய்வும் கல்வியும் உள்ளவன் மட்டுமே செய்ய முடிந்த பலியோடு ஒன்றாக வைப்பது பொருந்தாது.

இரண்டாவது மறுப்பு கனமானது, சீர்திருத்த மரபிலிருந்து வருவது. கிறிஸ்துவின் பலி ஒரே தரம் முடிந்தது. மனிதன் செலுத்துவதையும் பலி என்றால், புண்ணியம் சேர்த்து இரட்சிப்பை வாங்கும் வியாபாரம் திரும்ப வந்துவிடாதா? 1520-இல் லூத்தர் திருப்பலியைப் பலி என்று அழைப்பதையே எதிர்த்ததற்குக் காரணம் இந்த அச்சம்தான். அன்று காசு கட்டிப் பூசை வாங்கும் பழக்கம் இருந்தது, அச்சம் வீணல்ல. அதற்கு விடையாகத் திரிதெந்து சங்கம் 1562 செப்டம்பரில், திருப்பலி உண்மையான, பாவப்பரிகாரமான பலியே என்று முடிவு செய்தது. அதன்பின் நானூறு ஆண்டுகள் இரு தரப்பும் பீடத்தின்மேல் என்ன நடக்கிறது என்பதையே வாதாடிக்கொண்டிருந்தன. அதற்கு வெகுகாலம் முன்பே அகுஸ்தீன் கடவுளின் நகரம் என்ற நூலின் பத்தாம் புத்தகத்தில் ஒரு வழி காட்டியிருந்தார். கடவுளோடு நம்மைச் சேர்க்கும் நோக்கத்தோடு செய்யும் எந்தச் செயலும் மெய்யான பலி என்பது அவர் தரும் இலக்கணம். அயலானுக்குக் காட்டும் இரக்கம் அதில் முதன்மையானது. ஆனால் இப்பலிகள் தனித்தனியே விலை பேசுபவை அல்ல. மீட்கப்பட்ட நகரம் முழுவதும், தலையாகிய கிறிஸ்து ஏற்கெனவே தம்மைக் கொடுத்த அந்த ஒரே பலிக்குள் சேர்த்து ஒப்புக்கொடுக்கப்படுகிறது. அதாவது மனிதனின் பலி கிறிஸ்துவின் பலிக்கு ஒரு கூடுதல் தவணை ஆகாது. அது அதன் விளைவு. லூத்தரே 1520-இல் எழுதிய இன்னொரு நூலில், நம்மையும் நம் நன்றியையும் கிறிஸ்துவோடு சேர்த்து ஒப்புக்கொடுப்பதை ஏற்றுக்கொள்கிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் பொதுநிலையினரின் வேலை, குடும்ப வாழ்க்கை, ஓய்வு எல்லாவற்றையும் ஆவிக்குரிய பலிகள் என்று ஏற்றபோது, இரு கரைகளும் ஓரளவு நெருங்கின. கடவுளுக்குக் கொடுக்க நம்மிடம் எதுவும் இல்லை, அவருக்குத் தேவையும் இல்லை என்பதை இரண்டாம் நூற்றாண்டிலேயே ஐரேனியு சொல்லிவிட்டார். தேவை இருக்கும் இடத்தில் அதைக் கொடுக்கும்படி அவரே நம்மை அனுப்புகிறார் என்றால் புண்ணியக் கணக்குக்கு இடமே இல்லை.

மூன்றாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஏழைக்கு உதவுவதுதான் பலி என்றால் கோயில் எதற்கு, பாட்டு எதற்கு, நற்கருணை எதற்கு, ஒரு தொண்டு நிறுவனம் போதாதா? இதற்கு விடை சுருக்கமானது. யுஸ்தீனின் கூட்டத்தில் உண்டியல் தனியாக நின்றதில்லை. வாசிப்பும் ஜெபமும் அப்பமும் அதற்கு முன்னே வந்தன. உடைமையெல்லாம் பகிர்ந்து கொடுத்தாலும் அன்பில்லையேல் பயனில்லை என்று எழுதியவரும் பவுல்தான். அகுஸ்தீனின் இலக்கணத்திலும் கடவுளை நோக்காத இரக்கம் நல்ல செயலே ஆயினும் பலியாவதில்லை. ஆராதனை இல்லாத உதவி வாங்குபவனைக் கீழே வைக்கும் ஆபத்து உடையது. பீடத்தின் முன் கொடுப்பவனும் வாங்குபவனும் ஒரே அப்பத்தைப் பெறக் கை நீட்டுகிறார்கள். யார் யாருக்குப் படியளக்கிறார்கள் என்ற பெருமை அங்கே எடுபடாது.

நான்காவது மறுப்புதான் என்னை அதிகம் உறுத்துவது. பலி என்ற சொல்லைக் கொண்டு எளியோரை வதைத்திருக்கிறார்கள். அடிக்கிற கணவனைப் பொறுத்துக்கொள், அது உன் பலி என்று பெண்ணுக்குச் சொல்லப்படுகிறது. கூலிக்காரனிடம் கட்டட நிதிக்குக் கேட்கும்போது ஏழை விதவையின் இரண்டு காசுகள் உதாரணமாகின்றன. அந்தக் கதையை மாற்கு எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அதற்கு நேர் முன்னே, நீண்ட ஜெபம் பண்ணி விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். அதற்கு நேர் பின்னே, இந்த ஆலயத்தின் கல்லொன்றும் கல்லின்மேல் நில்லாது என்கிறார். நடுவில் தன் பிழைப்பு முழுவதையும் போட்டுவிட்டுப் போகும் விதவை. அவளுடைய பக்தியை அவர் மதிக்கிறார். அவளிடமிருந்து அதை வாங்கிக்கொண்ட அமைப்பை அவர் மெச்சினார் என்பதற்கு அங்கே ஆதாரமே இல்லை. நிதி திரட்டும் பிரசங்கத்துக்கு இதைவிடப் பொருந்தாத பகுதி வேறில்லை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல் எல்லை வகுத்துத் தருகிறார்: இருப்பதற்குத் தக்கபடி கொடுத்தால் போதும், மற்றவர்க்கு இலகுவும் உங்களுக்குப் பாரமும் ஆகக் கூடாது, நோக்கம் சமநிலை. அடுத்தவன் பொருளைப் பலியிட முடியாது என்பது பழைய ஏற்பாட்டிலும் தெளிவு. அர்வனாவின் களத்தையும் மாடுகளையும் இலவசமாக வாங்கிப் பலியிட மறுத்து, தாவீது விலை கொடுத்தே வாங்கினான். ஒருவரிடமிருந்து மிரட்டியோ மனச்சாட்சியைக் குத்தியோ பிடுங்குவதைப் பலி என்பது, ஆமோஸ் கண்ட அந்த அடகு ஆடையைப் பீடத்தருகே விரிப்பதற்குச் சமம்.

நம் மண்ணில் இந்த வாதத்துக்குத் தனியான கூர்மை உண்டு. காணிக்கையோடு பீடத்துக்கு வரும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்பது மலைப்பிரசங்கத்தின் கட்டளை. 'திதாக்கே' என்னும் பழம்பெரும் ஒழுங்குநூலும், பூசலுள்ளோர் சமாதானமாகும் வரை ஞாயிற்றுக் கூட்டத்தில் சேர வேண்டாம், பலி தீட்டுப்படும் என்கிறது. கொரிந்துவில் பணக்காரர் முந்தி உண்டு, ஏழை பசியோடு நின்றபோது, நீங்கள் உண்பது கர்த்தருடைய பந்தியே அல்ல என்றார் பவுல். இவ்வளவையும் வாசித்த சபைகளில்தான் சாதிவாரியாக இருக்கைகள் இருந்தன. 1833-இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே விட வேண்டும் என்று தென்னிந்தியாவுக்குச் சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டார்களேயன்றிச் சாதியை விடவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், இரண்டு நீண்ட கூடங்கள் ஒரே பீடத்தில் வந்து சேரும்படி கோயிலே கட்டப்பட்டது. ஒரு சாதி மற்றொன்றைப் பாராமல் பூசை காண்பதற்காக. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவ்விரு கூடங்களையும் பிரித்த தடுப்பு இடிக்கப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் வரை போனது. அங்கே செலுத்தப்பட்ட துதியும் ஜெபமும் உள்ளத்திலிருந்து வந்திருக்கலாம். புதிய ஏற்பாட்டின் அளவுகோலில் அதைப் பலி என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த மரபு நம்மிடம் அடியோடு அற்றுப்போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். தென்மாவட்டச் சபைகளில் இன்றும் நடக்கும் அசனத்தைப் பாருங்கள். அரிசியும் ஆடும் காய்கறியும் காணிக்கையாக வந்து சேர்கின்றன. பெரிய அண்டாக்களில் ஒன்றாகச் சமைக்கிறார்கள். கோயில் வளாகத்தில் வரிசையாக உட்கார்ந்து, சபையார் என்றும் அல்லாதார் என்றும் பாராமல் ஊரே சாப்பிடுகிறது. லேவியராகமத்தின் சமாதானபலிக்கு இவ்வளவு நெருங்கிய வழக்கத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அறுப்பின் பண்டிகையில் முதல் வாழைத்தாரையும் பூசணியையும் கோழியையும் பீடத்தருகே கொண்டுவந்து வைப்பதும் அந்த மரபின் தொடர்ச்சியே. ஆனால் பீடத்திலிருந்து அவை வெளியே வந்து ஏலத்துக்குப் போனபின் வரவு எங்கே போகிறது? பல சபைகளின் ஆண்டறிக்கையில் கட்டடம், ஒலிபெருக்கி, வர்ணப்பூச்சு ஆகியவற்றுக்கு நீண்ட பட்டியல் இருக்கும். விதவை உதவி என்று ஒரு வரி இருந்தால் அதிகம். யுஸ்தீன் சொன்ன ஐந்து பேரும் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள்: அனாதைக் குழந்தை, கைம்பெண், நோயாளி, சிறையில் கிடப்பவர், வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்து ஆலைக் கொட்டகையில் தங்கியிருக்கும் அந்நியர். இங்கே சபைக்குழு உறுப்பினர்களும் பங்குப் பேரவையினரும் அமர்ந்திருக்கிறீர்கள். அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு நாள் குறிக்கும் கூட்டத்திலேயே, அந்த ஏல வரவில் இந்த ஐவருக்கு எவ்வளவு என்று தீர்மானம் போட்டு எழுதுங்கள். பண்டிகை முடிந்த மறு ஞாயிறு, கொடுத்த கணக்கைப் பீடத்தின் முன் நின்று வாசியுங்கள்.